அப்பப்பாவின் சவரக்கத்தி: பிழை தோலிலா, நரம்பிலா?

கேள்வி: டொக்டர், எனக்கு 31 வயது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். என் அப்பப்பா வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே டொக்யார்ட்டில் வேலை செய்தவர். அவருடைய மடக்குச் சவரக்கத்தி அலுமாரியில் கிடந்தது. அதாலே சேவ் எடுக்கப் பழகுவோம் என்று ஆறு கிழமையாக முயல்கிறேன். நாடியில் வெட்டுக்காயம், கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பரு, முகமெல்லாம் எரிவு. கத்தியை எடுத்தாலே கை நடுங்குகிறது. காலையில் முட்டுக்குப் பம்ப் அடித்துவிட்டுத்தான் கண்ணாடி முன் நிற்பேன். போன கிழமை ஆத்திரத்தில் கத்தியைப் பேசினுக்குள் எறிந்துவிட்டேன். நாலு வயது மகள் பயந்துபோனாள். தூக்கி வீசச் சொல்கிறா மனைவி. என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, நரம்பில் ஏதும் வருத்தமா? விட்டுவிடட்டுமா?

பதில்: தம்பி, விடவேண்டாம். ஆனால் இன்றையிலிருந்து ஒரு மாதத்துக்குக் கழுத்தில் அந்தக் கத்தி படக்கூடாது. இது முதல் விஷயம். மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பேசுவோம்.

நீங்கள் எழுதியதை வாசித்தவுடன் எனக்குத் தோன்றியது தோலும் அல்ல, நரம்பும் அல்ல, அந்தக் கத்திதான். திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் கையளித்தது 1957 இல். உங்கள் அப்பப்பா அந்தக் காலத்தில் பாவித்த கத்தி என்றால் அதற்கு 60 வயதுக்கு மேல். பழைய சவரக்கத்திகள் துருப்பிடிக்கும் உருக்கால் செய்தவை. நமது ஊரின் உப்புக்காற்றில் இத்தனை வருடம் கிடந்த கத்தி பார்வைக்குப் பளபளத்தாலும், அதன் கூர் விளிம்பைத் துரு நுண்ணிய பல்லாக அரித்திருக்கும். சமையல் கத்தியைவிடக் கூராக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். காய்கறி வெட்டப் போதுமான கூர் தாடி வழிக்கப் போதாது. கூர் குறைந்த கத்தி மயிரை வெட்டுவதற்கு முன்னால் இழுக்கிறது. இழுபடுவதால் கையை அழுத்துகிறீர்கள். அழுத்துவதால் தோலின் மேற்படை சுரண்டுப்பட்டு எரிகிறது. எரிவதால் ஆத்திரம் வருகிறது, ஆத்திரத்தில் இன்னும் அழுத்துகிறீர்கள். ஆறு கிழமையாக நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே கத்தியை முதலில் கல்லில் தீட்டுவிக்க வேண்டும். இப்போது சலூன்களில் அநேகமாகப் பாதி பிளேட்டை மாட்டிப் பாவித்துவிட்டு எறிகிறார்கள். கிருமித்தொற்றைப் பொறுத்தவரை அது நல்ல மாற்றம். ஆனால் கல்லில் தீட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். வயதான, அந்தக் காலத்துக் கத்தி பிடித்த ஒருவரைத் தேடிப் போய் மரியாதையாகக் கேளுங்கள். தீட்டித் தருவதோடு எப்படிப் பிடிப்பது என்றும் காட்டித் தருவார். அந்த அரை மணித்தியாலம் உங்கள் ஆறு கிழமைக்குச் சமன். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால், பாதி பிளேட் மாட்டும் கத்தியில் பழகலாம் என்று நினைக்கவேண்டாம். அது பாரமில்லாதது, மிகக் கூரானது, சின்னப் பிழையையும் பொறுக்காது. பழகுகிறவருக்கு அது இன்னும் கஷ்டம்.

தோல் வாரில் தீட்டுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு சேவுக்கும் முன்னால் வாரில் 30 முதல் 50 தடவையாவது இழுக்க வேண்டும். கத்தியின் முதுகு முன்னே போகட்டும், கூர் பின்னாலே வரட்டும். திருப்பும்போது முதுகு வாரைவிட்டு எழும்பக்கூடாது, அதன்மேல் உருட்டித்தான் திருப்ப வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் வேகமாகத் திருப்பப் போய், கல்லில் தீட்டி வந்த கூரை முதல் நாளே வாரில் மடக்கிவிடுவார்கள். மெதுவாகச் செய்யுங்கள். வேகம் தானாக வரும்.

இப்போது நடுக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி, பம்ப் அடித்துவிட்டுச் சேவ் எடுப்பேன் என்றதுதான். நீல நிறப் பம்பாக இருந்தால் அதில் இருப்பது சல்பியூட்டமோல். சுவாசக் குழாயைத் திறக்கிற அதே மருந்து கைத் தசையில் மெல்லிய நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் தரும். அது தெரிந்த பக்கவிளைவு, நரம்பு வருத்தம் அல்ல. சில மணித்தியாலத்தில் அடங்கும். அதற்காகப் பம்பை நிறுத்திவிடாதீர்கள். சேவ் எடுப்பதை மாலைக்கு மாற்றுங்கள். குளித்து முடித்து, அவசரம் ஒன்றும் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஆனால் நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தப் பம்ப் தேவைப்படுகிறது என்றால் உங்கள் முட்டு கட்டுப்பாட்டில் இல்லை. தினமும் எடுக்க வேண்டிய தடுப்புப் பம்ப் உங்களுக்கு வேண்டியிருக்கலாம். இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். கத்தியைவிட இது பெரிய விஷயம்.

நித்திரை குறைவு, வெறும் வயிற்றில் கடும் தேத்தண்ணி, பயம், கோபம் எல்லாமே கை நடுக்கத்தைக் கூட்டும். மாலையில் பம்ப் அடிக்காத நேரத்திலும், சும்மா இருக்கும்போதும் நடுங்குகிறதா? நிறை குறைகிறதா, வியர்வை கூடுகிறதா? அப்படியென்றால் தைரொயிட் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பது நல்லது.

நான் பயிற்சி டொக்டராக இருந்த காலத்தில் முதன்முதல் ஒரு பிள்ளையின் புருவத்துக்குத் தையல் போடும்போது என் கை இப்படித்தான் ஆடியது. ஊசி இரண்டு தரம் நழுவியது. பற்களைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தரமும் முயலப் போனேன். பக்கத்தில் நின்ற மூத்த தாதி மிஸ் ஒருவர், "டொக்டர், கையைக் கீழே வையுங்கோ. சின்ன விரலைப் பிள்ளையின் நெற்றியில் ஊன்றிக்கொண்டு செய்யுங்கோ" என்றார். கை நின்றுவிட்டது. அந்தரத்தில் நிற்கிற கை ஆடும், ஊன்றி நிற்கிற கை ஆடாது. நீங்களும் கத்தி பிடிக்காத கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தி பிடித்த கையின் ஒரு விரல் கன்னத்திலோ தாடையிலோ மெதுவாகத் தொட்டபடி இருக்கப் பழகுங்கள். முழங்கையை உடம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழகும் முறையில்தான் அநேகம் பேர் பிழைவிடுகிறார்கள். முதல் நாளே முழு முகத்தையும் முடிக்கப் பார்க்கிறார்கள். அப்படி வேண்டாம். முதல் இரண்டு கிழமைக்கு இரண்டு கன்னங்கள் மட்டும். காதடியில் தொடங்கி தாடை எலும்பு வரை, மயிர் வளரும் திசையில், ஒரே ஒரு தரம். மிச்சத்தை நீங்கள் வழக்கமாகப் பாவிக்கிற சாதாரண ரேசரால் முடியுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கன்னம் கைக்குப் பழகிய பிறகு தாடையோரம், பிறகு மீசைப் பகுதி, கடைசியாகத்தான் நாடி. நாடி உருண்டை, கத்தி நேர்கோடு. அதனால்தான் உங்களுக்கு அங்கே வெட்டியது.

கத்தியின் முதுகுக்கும் தோலுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகைச் சரிவு இருக்கட்டும். அதைவிடத் தட்டையாகப் பிடித்தால் மயிர் இழுபடும், நிமிர்த்திப் பிடித்தால் தோலைச் சுரண்டும். கத்தியின் பாரமே போதும், உங்கள் பலம் ஒரு துளியும் வேண்டாம். ஒருபோதும் கத்தியைக் கூரின் நீளவாக்கில் பக்கமாக வழுக்க விடாதீர்கள். வெட்டுக்காயம் பெரும்பாலும் அப்படித்தான் வரும். இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: கத்தி கை தவறினால் பிடிக்கப் போகாதீர்கள், விழ விடுங்கள். விழுந்த கத்தியைத் திரும்பத் தீட்டலாம், வெட்டுப்பட்ட விரல் தசைநாரைச் சத்திர சிகிச்சையில்தான் தைக்க வேண்டும்.

தாடி மயிர் தண்ணீரை உறிஞ்சி மெதுமையாக 2, 3 நிமிடமாவது வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்திருப்பீர்கள்தானே, அந்த இளஞ்சூடு போதும். துவாயை அப்படியான தண்ணியில் நனைத்து முகத்தில் வைத்திருங்கள். கடற்கரையோரத்துக் கிணற்றுத் தண்ணி உவராக இருந்தால் சவர்க்காரம் நுரைக்காது. நுரை சரியாக வராத முகத்தில் எந்தக் கத்தியும் இழுபடும். ஒரு கோப்பை பைப் தண்ணி, அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணி எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நுரை முகத்திலேயே காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காயும் இடத்தில் திரும்ப நுரை பூசுங்கள்.

கழுத்துப் பருக்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சுருள் மயிர் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டால் வளரும்போது திரும்பித் தோலுக்குள்ளேயே குத்துகிறது. உடம்பு அதை முள் ஏறியதுபோல எதிர்க்கிறது. சிவந்து தடிப்பது அதனால்தான். ஒரு மாதம் விட்டால் பெரும்பாலும் அடங்கும். அதுவரை முடிவெட்டும் மெஷினால் கட்டையாக வெட்டிக்கொள்ளலாம், ஒட்ட வழிக்கக்கூடாது. நகத்தால் கிள்ளாதீர்கள். பாமசியில் கேட்டு வாங்கும் கடும் ஸ்டீரொயிட் கிறீம்களைப் பூசாதீர்கள். இரண்டு நாளில் சிவப்புப் போகும், மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து கத்தி படுவதற்கு முன்பே கிழியும். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. சிதழ் வைத்தால், பரவினால், காய்ச்சல் வந்தால் நேரில் காட்டுங்கள். பிறகு கழுத்துக்குத் திரும்பும்போது மயிர் எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பலருக்குக் கழுத்தில் மயிர் மேல்நோக்கி அல்லது பக்கவாட்டில் வளரும். வளரும் திசைக்கு எதிராக வழிக்கவே வேண்டாம்.

கிழமைக்கு மூன்று நாள் சேவ் எடுத்தால் போதும். நமது பெரியவர்கள் செவ்வாய், வெள்ளியில் சவரம் செய்வதில்லை. தோலுக்கும் அந்த ஓய்வு நல்லது.

சின்னக் காயம் பட்டால் சுத்தமான துணியால் 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. பிறகு சீனக்காரத்தை நனைத்துத் தடவலாம். டெட்டோலைத் தண்ணி கலக்காமல் பூசவேண்டாம், அது வேறு காயம் உண்டாக்கும். 15 நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம், வாய் திறந்த காயம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கழுத்தில் ஆழமாக வெட்டி இரத்தம் பீறிட்டால் அழுத்தியபடியே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். ஏற்பு ஊசி கடைசியாகப் பள்ளிக்கூடத்தில் போட்டதுதான் என்றால் இப்போது ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், 10 வருடத்துக்கு ஒருமுறை வேண்டும். உங்கள் கத்தி உங்களுக்கு மட்டும்தான். மச்சான் கேட்டாலும் கொடுக்கவேண்டாம். ஹெப்படைற்றிஸ் பி, சி போன்ற ஈரல் அழற்சிக் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியாலும் தொற்றும். இதை வாசிக்கும் வேறு ஆட்கள் யாரும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராகவோ சீனி வருத்தம் உள்ளவராகவோ இருந்தால், தங்கள் டொக்டரைக் கேட்காமல் இந்தக் கத்தியைத் தொடங்கவேண்டாம்.

கோபத்தைப் பற்றி. ஆறு கிழமை முயன்றும் வரவில்லையே என்று மனம் சலித்தது நியாயம்தான். அப்பப்பாவின் கைப்பொருள் என்பதால் அந்தச் சலிப்பு இன்னும் நோகும். ஆனால் இந்த வேலையில் கோபம் நேரடியான ஆபத்து. பிடி இறுகும், மூச்சு அடங்கும், விரலின் நுண்மை போய்விடும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரத்தம் வந்தவுடன், அல்லது "சே" என்று வாயில் வந்தவுடன், அன்றைய பாடம் முடிந்தது. கத்தியைத் துடைத்து மடக்கிவிட்டு மற்ற ரேசரை எடுங்கள். கைத்தொழில் பழகும்போது இடைவெளியும் நித்திரையும் சேர்ந்துதான் கையில் பதியும். நேற்று வராதது நாளை மறுநாள் கொஞ்சம் இலகுவாக வருவதை நீங்களே காண்பீர்கள். முகம் முழுவதும் ஒழுங்காக வர இரண்டு, மூன்று மாதம் எடுக்கலாம். அதற்கு இப்போதே மனதை ஆயத்தப்படுத்துங்கள்.

முடிந்ததும் கத்தியை நல்ல தண்ணியில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். குளியலறையில் வைக்கவேண்டாம், அங்கேயுள்ள ஈரம் ஒரு கிழமையில் கூரைத் தின்றுவிடும். உங்கள் மனைவியின் பயத்தையும் நான் சரியென்றே சொல்வேன். நாலு வயதுப் பிள்ளை அப்பா செய்வதையெல்லாம் செய்து பார்க்கும். அலுமாரியின் மேல்தட்டில் பூட்டி வையுங்கள், திறப்பு உங்களிடமே இருக்கட்டும். சேவ் எடுக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். எறிந்த அன்று அவள் பயந்தாள் என்று எழுதினீர்கள். கத்தியைத் தீட்டக் கொடுப்பதற்கு முன்னால் அவளை மடியில் இருத்தி, அப்பா பிழையாகச் செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.