நித்தியகல்யாணிக் கஷாயத்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, இப்போது வாரம் ஒருமுறை பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். வாசலில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார் பெரியம்மா. முள் சீத்தா இலை, மஞ்சள் சத்து மாத்திரை என்று மற்றவர்களும் சொல்கிறார்கள். கீமோவுக்குப் பதிலாக இவற்றைக் கொடுக்கலாமா? சேர்த்தாவது கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள். நித்தியகல்யாணிக் கஷாயம் சேர்த்தும் வேண்டாம். பெரியம்மா சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அந்தச் செடிக்குள் மருந்து இருப்பது உண்மை, ஆபத்தும் அதனால்தான்.

அம்மாவுக்கு ஏறும் பேக்லிடாக்செலே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். மன்றோ வால், மன்சுக் வானி என்ற இருவர் அதிலிருந்து இந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி கிடைத்தது 1994-இல்! ஏன் இத்தனை வருடம்? ஒரு கிராம் மருந்துக்குச் சுமார் 10 கிலோ பட்டை தேவைப்பட்டது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது. வாய்வழி கொடுத்தால் குடல் உறிஞ்சாது. அதே மரத்தின் இலையில் இதயத்தையே நிறுத்தக்கூடிய விஷம் வேறு இருக்கிறது. இன்று அம்மாவின் மருந்து, லேசாகப் பிசுபிசுக்கும் திரவமாக ஒரு சின்னக் குப்பியில் வருகிறது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் அதைக் கரைத்திருக்கிறார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் முதலில் அலர்ஜி ஊசி போட்டு, அப்புறம் வடிகட்டி பொருத்திய டியூப் வழியாக ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள்.

நித்தியகல்யாணிக்கு வருவோம். 1950-களில் கனடாவில் இதைச் சர்க்கரை நோய்க்காக எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளணுக்கள் சரிந்தன. அந்த வழியில் கிடைத்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள். இவற்றின் உறவான வினோரெல்பின் இன்றும் மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. வின்கிறிஸ்டினை ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்குகூட அது வராது. ஒரு டம்ளர் கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? கீமோவால் ஏற்கெனவே வெள்ளணு குறைந்திருக்கும் உடம்பு அது.

முள் சீத்தா இலையும் வேண்டாம். அதிலுள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்புக்கு ஆகாது. பேக்லிடாக்செலே விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும் மருந்து. அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் போடச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மஞ்சள், ரசத்திலும் குழம்பிலும் வழக்கம்போல இருக்கட்டும். மாத்திரைதான் பிரச்சினை. பின்னாளில் அம்மாவுக்கு டமாக்சிபென் (மார்பகப் புற்றுநோய் திரும்பி வராமலிருக்கத் தரும் மாத்திரை) எழுதித் தந்தால் இது முக்கியம்: நெதர்லாந்தில் 16 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், மஞ்சள் மாத்திரை எடுத்தபோது ரத்தத்தில் டமாக்சிபெனின் வேலை செய்யும் வடிவம் குறைந்தது. மிளகுச் சத்து சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. கடையில் விற்கும் பல மாத்திரைகளில் மிளகுச் சத்து சேர்த்தே இருக்கிறது. குமட்டலுக்குச் சுக்கு, இஞ்சி டீ கொஞ்சம் குடிக்கலாம்.

கீமோவுக்குப் பதிலாக என்ற கேள்விக்கும் கணக்கு இருக்கிறது. மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இறப்பு அபாயம் 5 மடங்குக்கும் மேல் என்று 2018-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பெரியம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரும் அம்மாவுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்.

இதுவரை கொடுத்த சூரணம், லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த ஊசிக்குப் போகும்போது எடுத்துப்போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். வெள்ளணு குறைந்திருக்கும் உடம்பு என்பதால் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.