இரண்டு மோட்டார், ஒரே திசை

ஈ.கோலை பாக்டீரியாவில், உடைந்த டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரித்துக்கொண்டே ஓடும் ரெக்பிசிடி (RecBCD) என்ற நொதியில் ஒரு மோட்டார் (ரெக்பி) இழையின் 3' என்ற முனையிலிருந்து 5' என்ற முனைக்கும் மற்றது (ரெக்டி) 5'-இலிருந்து 3'-க்கும் ஓடினால் இழுபறி ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளே எதிரெதிர் திசையில்தானே இருக்கின்றன! தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் என்3 சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி சரியான பக்கம் போகிறது, இன்னொன்று மறுபக்கத்தில் ராங் சைடில் போகிறது (செய்து பார்க்காதீர்கள்). இரண்டும் போய்ச் சேருவது பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான்.

ரெக்டி வேகமானது. ரெக்பி பின்தங்குவதால் அதன் முன்னே ஒற்றை இழை வளையமாகப் புடைக்கும். வினாடிக்குச் சுமார் 1000 எழுத்து (டிஎன்ஏவின் காரச் சோடி) பிரியும். அப்புறம் 'ஜிசிடிஜிஜிடிஜிஜி' என்ற 8 எழுத்து வந்ததும் நொதி சில வினாடி நின்று, வேகம் குறைந்து, ரெக்பி முந்துகிறது. பழுதுபார்க்கும் ரெக்ஏ புரதத்தை இழையில் ஏற்றுவதும் அதற்குப் பிறகுதான். மோட்டார்களின் திசையைக் காட்டும் உங்கள் படத்தில் அம்புக்குறியை ஒவ்வோர் இழைக்கும் தனியாகப் போடுங்கள், சரியாகிவிடும்.