ஒட்டிப் பிறந்த மணிக்கட்டு எலும்பு வலிக்குமா?

கேள்வி: கையூன்றி விழுந்ததிலிருந்து சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வலிக்கிறது. இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொல்கிறார்கள். இத்தனை நாள் இல்லாத வலி இப்போது ஏன்?

பதில்: மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் லூனேட்டும், அதற்கு அடுத்து சுண்டுவிரல் பக்கம் இருக்கும் ட்ரைகுவெட்ரமும்தான் அதிகம் ஒட்டிப் பிறப்பவை. முழுக்க ஒட்டியிருந்தால் பெரும்பாலும் வலிக்காது. அரைகுறையாக ஒட்டியதுதான் தொல்லை: நடுவே நார்த்திசுவோ மெல்லிய குருத்தெலும்போ இருக்கும், அடிபட்டால் அந்த இடம் அசைந்து உரசும். எக்ஸ்ரேயில் இடைவெளி குறுகி, ஓரம் கரடுமுரடாகத் தெரிவதால் தேய்மானம் என்று தவறாக நினைக்கவும் வாய்ப்புண்டு. எம்ஆர்ஐ எடுங்கள். அந்த இரு எலும்புகளுக்குள்ளும் நீர்க்கோப்பு தெரிந்தால் வலி பெரும்பாலும் அங்கிருந்துதான். பக்கத்துக் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறதா என்பதையும் அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இதே இடத்தில்தான் வலிக்கும். முதலில் சில வாரம் ஸ்ப்ளின்ட் (மணிக்கட்டை அசையாமல் வைக்கும் கட்டு), வலி மாத்திரை. பிறகு ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் ஸ்க்ரூ போட்டு முழுதாக ஒட்டவைப்பார்கள். அங்கே அசைவு ஏற்கெனவே குறைவு என்பதால், கை மடங்குவது பெரிதாகக் குறையாது.