எரியும் பல்பின் மின்தடையும் அணைந்த பல்பின் மின்தடையும்

கேள்வி: 12 வோல்ட் பேட்டரியில் ஓர் இழை பல்பை எரியவிட்டு அளந்தேன். மின்னோட்டம் 1.75 ஆம்பியர். இதிலிருந்து மின்தடையையும் மின்திறனையும் எப்படிக் கணக்கிடுவது? அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 0.6 ஓம்தான் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும், இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். உங்கள் பல்புக்கு 12 ÷ 1.75 = ஏறத்தாழ 6.86 ஓம், 12 × 1.75 = 21 வாட். மின்னோட்டத்தை மில்லிஆம்பியரில் அளந்திருந்தால், முதலில் அதை 1000-ஆல் வகுத்து ஆம்பியராக்கிக்கொள்ள வேண்டும். கணக்கு பிழைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மீட்டர் காட்டிய 0.6 ஓமும் பொய்யல்ல. அது குளிர்ந்த இழையின் மின்தடை. பல்பு எரியும்போது டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. உலோகம் சூடேற ஏற அதன் மின்தடையும் உயர்வதால், எரியும் இழையின் மின்தடை குளிர்ந்த நிலையில் இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாகிறது. இதை மறந்து 0.6 ஓமை வைத்து மின்திறனைக் கணக்கிட்டால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கையில் 144 ÷ 0.6 = 240 வாட் என்று வரும். 21 வாட் பல்புக்கு இது எவ்வளவு பெரிய பிழை என்று பாருங்கள்!

ஆனாலும் அந்த 0.6 ஓம் பயனற்ற எண் அல்ல. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்தே இருப்பதால், கணக்குப்படி 20 ஆம்பியர் வரை பாய இடமுண்டு. கம்பிகளின் மின்தடையும் பேட்டரியின் உள்மின்தடையும் அதைச் சற்றுக் குறைக்கும். ஓரளவு தேய்ந்த பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பீஸ் போவதற்கு இந்தத் திடீர்ப் பாய்ச்சலும் ஒரு காரணம். இவ்வளவு சிறிய மின்தடையை அளக்கும்போது, மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அப்போது காட்டும் அளவைக் கழித்துக்கொள்வது அவசியம். அந்த வயர்களுக்கே 0.2 ஓம் இருக்கக்கூடும்.

வெப்பத்தால் அதிகம் மாறாத சாதாரண மின்தடையத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் மின்னோட்டமும் பாதியாகும், மின்திறன் நான்கில் ஒரு பங்காகும். உங்கள் பல்பை 6 வோல்ட்டில் எரித்தால் இழை அந்த அளவுக்குச் சூடாகாது. அதனால் மின்தடை குறைந்து, மின்னோட்டம் பாதியான 0.875 ஆம்பியருக்கு மேலாகவே இருக்கும். நீங்களே அளந்து பாருங்கள், நன்றாகத் தெரியும்.

அளக்கும்போது, மின்னோட்டத்தை அளக்கும் கருவியான அம்மீட்டர் பல்போடு தொடரிணைப்பில், அதாவது ஒரே மின்பாதையில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். மின்னழுத்தத்தைப் பேட்டரி முனைகளில் அளக்காமல், பல்பின் முனைகளிலேயே அளக்க வேண்டும், ஏனெனில் வயரிலும் ஓரளவு மின்னழுத்தம் இழக்கப்படுகிறது. மின்சாரம் பாயும் சுற்றில் மல்டிமீட்டரை ஓம் அளவில் ஒருபோதும் வைக்காதீர்கள். அளவு தவறுவதோடு மீட்டரும் பழுதாகலாம்.