மட்டனுக்குப் பப்பாளிக்காய்: எப்போது, எவ்வளவு?

கேள்வி: மட்டன் சீக்கிரம் வேக, பப்பாளிக்காய் அரைத்துப் போடச் சொன்னார் என் மாமியார். ஒருமுறை குழம்பு கொதிக்கும்போது போட்டேன். கறி ரப்பர் மாதிரியே இருந்தது. அடுத்த முறை முதல் நாள் இரவே நிறையத் தடவி வைத்தேன். மேலே கூழாகிவிட்டது, நடுவில் அப்படியே கடினம். பத்தாவது படிக்கும் என் மகள், "அது நொதி செய்யும் வேலை அம்மா" என்கிறாள். நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. மாமியார் சொன்னதும் சரிதான். நேரமும் அளவும்தான் தவறிவிட்டன.

பச்சைப் பப்பாளிக்காயை நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளையாகப் பால் துளிர்க்கும். அந்தப் பாலில் பப்பைன் என்ற நொதி (என்சைம்), அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் பொருள், இருக்கிறது. காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். அதனால் பழம் இதற்கு உதவாது. காயைத் தோலோடு அரைப்பதுதான் நல்லது.

கறியைக் கடினமாக்குவது புரத இழைகள். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. வெறும் தண்ணீரில் கிடந்தால் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி தானாக அறுந்துபோக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பப்பைன் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். பப்பைனும் ஒரு புரதம்தான்; 212 அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அதன் உடலில் ஒரு பள்ளம் உண்டு. கறியின் சங்கிலி அதில் வந்து படியும். அங்கே தயாராக இருக்கும் ஒரு கந்தக அணு சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, ஒரு பாதி கழன்று போகும். அப்புறம் ஒரு நீர் மூலக்கூறு வந்து மறுபாதியையும் விடுவிக்கும். பள்ளம் காலியாகும், அடுத்த சங்கிலி வரும். பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல என்று 1894இல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்னது இந்தப் பொருத்தத்தைத்தான். பூட்டைப் போல விறைப்பாக நிற்காமல், வந்து சேரும் பொருளுக்கேற்ப நொதி கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும் என்று 1958இல் உயிர்வேதியியலாளர் கோஷ்லேண்ட் திருத்திச் சொன்னார்.

வேலை முடிந்ததும் நொதி தீர்ந்துபோவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதே மூலக்கூறு மறுபடி மறுபடி அறுத்துக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க விட்டதும் மேல்புறம் கூழானது அதனால்தான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் வேகம் குறையுமே தவிர வேலை நிற்காது. நடுப்பகுதி கடினமாகவே இருந்ததற்குக் காரணம், அரைத்த விழுது கறிக்குள் அவ்வளவாக இறங்காது. துண்டுகளைச் சிறிதாக நறுக்கி, முள்கரண்டியால் குத்திவிட்டுப் பிசறினால்தான் உள்ளே போகும்.

கொதிக்கும் குழம்பில் போட்டது ஏன் பயன்படவில்லை? சூடு ஏற ஏற நொதி வேகமெடுக்கும். பப்பைனுக்கு 60 முதல் 70 டிகிரி வரை நல்ல வேகம். அதற்கு மேல் போகப் போக அதன் சங்கிலி மடிந்திருக்கும் வடிவம் குலைந்து, பள்ளமே இல்லாமல் போய்விடும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி பச்சையாகுமா? இதுவும் அப்படித்தான், ஆறினாலும் திரும்பாது. பச்சை வாசனை போகட்டும் என்று பப்பாளிக்காயை முதலில் வேகவைத்துச் சேர்ப்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்.

ஆகவே, அரைக் கிலோ கறிக்கு ஒரு மேசைக்கரண்டி விழுது போதும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறட்டும். அப்புறம் நேராகக் குக்கரை மூடி விசில் விடாமல், பத்துப் பதினைந்து நிமிடம் சின்னத் தீயில் மெல்லச் சூடேற்றுங்கள். பப்பைன் தன் வேலையில் பெரும்பகுதியை அந்த நேரத்தில்தான் முடிக்கும். தயிர் சேர்ப்பது வழக்கமானால் சேருங்கள். அந்த லேசான புளிப்பு அதற்கு ஒத்துக்கொள்ளும். விழுதைக் கையால் பிசைந்தால் உடனே கழுவிவிடுங்கள். நம் தோலும் புரதம்தான், அரிக்கும். ரப்பர் கையுறை, பலூன் ஒவ்வாமை உள்ளவர்கள் பப்பாளிக்காயைத் தொடவே வேண்டாம்.

மகளுக்கு ஒரு சோதனை. ஒரு கிண்ணத்தில் ஜெலட்டின் கரைசல், இன்னொன்றில் கடல்பாசிக் (அகர் அகர்) கரைசல். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், உறைவதற்கு முன்பே இரண்டிலும் பச்சைப் பப்பாளி விழுதைக் கலக்கச் சொல்லுங்கள். கடல்பாசி உறைந்துவிடும், ஜெலட்டின் தண்ணீராகவே நிற்கும். ஜெலட்டின் புரதம், கடல்பாசி சர்க்கரைச் சங்கிலி. பப்பைனின் பள்ளத்தில் சர்க்கரைச் சங்கிலி பொருந்தாது. அடுத்து வேகவைத்த விழுதைக் கலந்து பார்க்கட்டும், இரண்டுமே உறையும்.