பழைய ஸ்விஃப்டில் டர்போ பொருத்தலாமா?

கேள்வி: என்னிடம் 2015-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறை கோவையிலிருந்து குடும்பத்துடன் ஊட்டிக்குப் போய் வருவோம். ஐந்து பேர் ஏறி ஏசியும் போட்டால் குன்னூர் ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு பட்டறையில் டர்போ கிட் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். '6 பிஎஸ்ஐ அழுத்தம் மட்டும்தான், என்ஜினைத் திறக்கவே வேண்டாம்' என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வெளியேறும் புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவிதான் டர்போ. உங்களுடையதைப் போன்ற மனக்குறையிலிருந்துதான் அது பெயர் வாங்கியது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் உயரத்தில் காற்று மெலிந்து விமான என்ஜின்கள் திணறியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. 1918-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி விமான என்ஜின் ஒன்றை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு ஏற்றிக்கொண்டுபோய் டர்போவுடன் ஓட்டிக் காட்டினார்.

ஊட்டி அதில் ஏறத்தாழ பாதி உயரம். 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் கொஞ்சம் ஈடாகும். என்றாலும், கீழே 83 குதிரைத்திறன் தரும் உங்கள் என்ஜின் அங்கே 65-ஐ ஒட்டித்தான் தரும். ஆகவே ஆசையில் பிழையில்லை. 'என்ஜினைத் திறக்கவே வேண்டாம்' என்ற அந்த வாக்குறுதிதான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் என்ஜினின் அழுத்த விகிதம் 11-க்கு 1. அதாவது 11 பங்கு காற்றை ஒரு பங்கு இடத்தில் நெருக்கி எரிக்கிறது. மைலேஜுக்காக, வெளியிலிருந்து யாரும் காற்றைத் திணிக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில் வைத்த அளவு அது. சுசுகியே தன் 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ என்ஜினுக்கு இதை 10-ஆக இறக்கியது; எரி அறைக்குள் நேரடியாக எரிபொருளைத் தெளித்துக் குளிர்விக்கும் வசதியையும் சேர்த்தது. 6 பிஎஸ்ஐ என்பது காதுக்குச் சின்ன எண். வளிமண்டல அழுத்தமே 14.7 பிஎஸ்ஐதான் என்று நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே நிரம்பிய அறைக்குள் இன்னும் 40 சதவீதம் அழுத்தத்தைச் சேர்க்கிறார்கள்.

அழுத்தினால் காற்று சூடேறும். சைக்கிளுக்குப் பம்ப் அடித்தவர்களின் கை அறிந்த விஷயம். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று இந்த அழுத்தத்தில் சுமார் 80 டிகிரியாகி வெளியே வரும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்தால் இறங்கும், ஆனால் வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. இந்தச் சூட்டில், இந்த அழுத்தத்தில், பிளக்கின் பொறி மூட்டிய தீ வந்து சேரும்வரை காத்திராமல் அறையின் மூலையில் உள்ள பெட்ரோல் தானாகவே வெடிக்கும். பட்டறை வழக்கில் நாக்கிங். முதலில் அடிபடுவது பிஸ்டனில் மேல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய விளிம்பு. இப்படி வெளியே டர்போ கட்டிய ஒரு காரைப் பிரித்திருக்கிறேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது என்றார் உரிமையாளர். என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது அந்த விளிம்பு துண்டு துண்டாக ஆயிலில் கிடந்தது.

நாக்கிங்கைக் கேட்டறிய உங்கள் காரில் சென்சார் இருக்கிறதே என்று பட்டறைக்காரர் சொல்லலாம். இருக்கிறதுதான். அது பொறியைத் தாமதப்படுத்தும். தாமதமானால் சக்தி குறையும், சைலன்சர் பக்கம் சூடு கூடும். கொடுத்த காசுக்கு வந்த சக்தியை அதுவே திருப்பி வாங்கிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளந்துதான் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. டர்போ இல்லாத கார்களில் அந்தச் சென்சார் வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்று மேல்வரைதான் படிக்கும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் இசியூவுக்குத் தெரியாது. பழைய கணக்கிலேயே பெட்ரோல் விடும். போதாக்குறைக்கு, பம்ப் ஒரே நிலையான அழுத்தத்தில்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் டர்போவின் காற்று அழுத்தும்போது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரிலிருந்து வரும் அளவு முன்பைவிடவும் குறையும். அதிகப் பெட்ரோல் வேண்டிய நேரத்தில் குறைவாகக் கிடைத்தால் பிஸ்டன் உருகுவதற்கு ஒரு நீண்ட ஏற்றம் போதும். இருபது சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் நாக்கிங்கைக் கொஞ்சம் அடக்கும், உண்மை. ஆனால் அதே காற்றுக்கு அது கூடுதலாகத் தேவைப்படும். எனவே பெரிய இன்ஜெக்டர், அதிக அழுத்தம் படிக்கும் சென்சார், புதிதாக எழுதிய இசியூ கணக்கு, சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிச் சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். கிட் விலையில் இவை அடங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரும்பாலும் டர்போவும் குழாய்களும்தான் அடங்கியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவுக்கு என்ஜின் ஆயில் போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் குழாய் தானாக வடியும்படி சரிவாக வர வேண்டும். அதற்குச் சம்ப்பைத் துளைப்பார்கள். கிளட்ச் 115 நியூட்டன் மீட்டர் இழுவைக்குத் தேர்ந்தெடுத்தது; ஐந்து பேருடன் மலையில் வழுக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கும் இடத்தில்தான் டர்போ உட்காரப் பார்க்கும்.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு 'எலெக்ட்ரிக் டர்போ' என்று ஒரு மின்விசிறி விற்கிறார்கள். உங்கள் என்ஜினுக்கு 6 பிஎஸ்ஐ கொடுக்க மூன்றரை கிலோவாட்டுக்கு மேல் தேவை. 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 300 ஆம்பியர். மெல்லிய கம்பி போட்ட அந்த விசிறி வியர்வை ஆற்ற உதவும்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்தால், விபத்து இழப்பீடு கேட்கும் நாளில் அவர்கள் முதலில் பார்ப்பது பானெட்டுக்குள்தான்.

இனி உங்கள் ஏற்றத்துக்கு வருவோம். மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்போது என்ஜின் சுற்று நிமிடத்துக்கு 2,000-ஐ ஒட்டி இருக்கும். இந்த என்ஜினின் இழுவை உச்சம் தொடுவது 4,000-இல். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கினால் சுற்று 3,000-ஐ நெருங்கும், கையில் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். பட்டறைக்காரர் தருவதாகச் சொல்லும் 6 பிஎஸ்ஐ இவ்வளவு தராது. அதிலும் 2,000 சுற்றில் அந்த டர்போ சரியாக விழித்திருக்கக்கூட விழித்திருக்காது. என்ஜின் உறுமுகிறதே என்று பலர் கியரை இறக்கப் பயப்படுகிறார்கள். உறுமட்டும், 6,000 வரை சுழல்வதற்கென்றே செய்தது அது. இழுக்க முடியாமல் தாழ்ந்த சுற்றில் முனகுவதுதான் அதற்குக் கேடு. கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் ஏசியை அணைத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

அப்படியும் இழுக்கவில்லையென்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், வழுக்கும் கிளட்ச், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், அடைத்த கன்வர்ட்டர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்து தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். 78,000 கிலோமீட்டரில் நான்கும் ஒத்திருக்க வேண்டும்.

டர்போவின் இழுவைதான் வேண்டும் என்றால், டர்போவுடனேயே பிறந்த காரை வாங்குங்கள். 2017-இல் வந்த பலேனோ ஆர்எஸ் பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கும்; புதிதாக என்றால் ஃபிராங்க்ஸ் டர்போ இருக்கிறது. இரண்டும் 150 நியூட்டன் மீட்டரை ஒட்டித் தருபவை, அதுவும் தாழ்ந்த சுற்றிலேயே. ஸ்விஃப்டை விற்ற பணத்துடன் கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தையும் சேர்த்தால் எவ்வளவு தூரம் போகிறது என்று கணக்குப் பாருங்கள். அதற்கு முன் அடுத்த ஊட்டிப் பயணத்தில், கல்லாறு தாண்டியதும் இரண்டாம் கியருக்கு இறக்கி, குன்னூர் வரை என்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளை 3,000-க்குக் கீழே விடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.