முடி நட்ட பிறகு சீழ்க் கொப்புளங்கள்: எப்போது கவலைப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 34. முடி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 9 நாட்கள் ஆகின்றன. முதல் வாரத்தில் வலி நன்றாகக் குறைந்துவந்தது. இரண்டு நாட்களாகப் பின்தலையில் முடி எடுத்த இடத்தில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து வலிக்கிறது; சில கொப்புளங்களில் மஞ்சளாகச் சீழ் தெரிகிறது. காய்ச்சல் இல்லை. வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சாப்பிடலாமா? நட்ட முடி போய்விடுமா?

பதில்: அந்த மாத்திரைகளைச் சாப்பிட வேண்டாம். இன்று அல்லது நாளைக்குள் உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். நீங்கள் எழுதியவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது சீழ் அல்ல. குறைந்துவந்த வலி மறுபடி கூடியிருப்பதுதான்.

தலைத்தோலுக்கு இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் இந்தச் சிகிச்சைக்குப் பின் கடுமையான தொற்று ஏற்படுவது அரிது. முதல் சில நாட்களில் சிவப்பும் இலேசான வலியும் இருப்பது, நெற்றி வீங்கி அந்த வீக்கம் கண்ணிமை வரை இறங்குவது, பொருக்குகள் அரித்து இரண்டு வாரங்களுக்குள் உதிர்வது ஆகிய எல்லாம் ஆறுவதன் பகுதியே. ஆனால் இவை நாளுக்கு நாள் தணிய வேண்டும். தணிந்தது திரும்பக் கூடினாலோ, சிவப்பு ஓரங்களைத் தாண்டிப் பரவினாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, கெட்ட வாடையுடன் நீர் கசிந்தாலோ, காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ நெறி கட்டினாலோ தொற்று என்று கருதியே பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இருப்பது முடிக்கால்களில் மட்டும் ஏற்பட்ட அழற்சியாகவும் இருக்கலாம். தோலுக்கு அடியில் துண்டுபட்டு நின்ற முடியோ, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வளரும் முடியோ கிருமி இல்லாமலேயே கொப்புளத்தை உண்டாக்கும். புது முடி முளைக்கும் மாதங்களிலும் இது பலருக்கு வருகிறது. தொற்றாக இருந்தால் பெரும்பாலும் தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளே காரணம். அவற்றில் சில வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படுவதில்லை. மருத்துவர் சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த மருந்து வேலை செய்யும் என்பது தெரிந்துவிடும். நீங்கள் முன்கூட்டியே அரைகுறையாக மாத்திரை போட்டுக்கொண்டால் அந்த முடிவு குழம்பிவிடக்கூடும்.

அதுவரை கொப்புளங்களைப் பிதுக்காதீர்கள். பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள். மருத்துவமனையில் சொல்லித் தந்த முறையிலேயே, கைகளைச் சோப்பால் கழுவிய பிறகு, தலையை மென்மையாக அலசலாம். தலையணை உறையைத் தினமும் மாற்றுங்கள். ஸ்டீராய்டு களிம்பையும் எண்ணெயையும் தவிர்த்துவிடுங்கள். சூடான ஒத்தடத்தை மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். அறுவைக்குப் பின் தலைத்தோல் பல வாரங்கள் மரத்திருப்பதால் சுடுவதே தெரியாமல் புண்ணாகிவிடும். இதே மரப்பு தொற்றின் வலியையும் மறைக்கும் என்பதால், தினமும் ஒரே வெளிச்சத்தில் அந்த இடத்தைப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நீரிழிவு இருந்தால் சர்க்கரை அளவையும் பாருங்கள். புகைபிடிப்பவர் என்றால் தயவுசெய்து இப்போதே நிறுத்துங்கள், ஏனெனில் புகை தோலுக்கு வரும் இரத்தத்தைக் குறைத்துப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அல்லது குளிர்நடுக்கம், சில மணி நேரத்திலேயே பரவும் சிவப்பு, தோல் கறுத்துப்போவது, கண்ணைச் சுற்றி வலியுடன் வீக்கம் அல்லது பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நட்ட முடியைப் பற்றி: நீங்கள் சொல்லும் சிவப்பு முடி எடுத்த பக்கத்தில் இருப்பதால், அது அங்கேயே அடங்கிவிட்டால் நட்ட இடத்துக்குப் பாதிப்பு வர வாய்ப்பு குறைவு. அடுத்த சில வாரங்களில் நட்ட முடியில் பெரும்பகுதி உதிரும். அது தொற்றால் அல்ல, வேர் உள்ளே தங்கியிருக்கும், மூன்று நான்கு மாதங்களில் முளைக்கத் தொடங்கும். ஆழமாகப் பரவும் தொற்றைக் கவனிக்காமல் விட்டால்தான் வேர்கள் அழிந்து தழும்பு விழும். ஆகவே மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.